கெட்ட செய்திக்கு விடுமுறை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கார் ஓடும் நிலையில் இருக்கிறது. இன்று, செவ்வாய்க்கிழமை காலை, பட்டறை மெக்கானிக் என்னிடம் நேரில் சொன்ன தகவல் இது. ஒருவர் சொன்னதை வைத்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லாததால் பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவரிடமும் கேட்டேன். அவரும் ஓடும் என்றார். என்ஜினுக்கும் பிரேக்குக்கும் விளக்குகளுக்கும் எந்தச் சேதமும் இல்லை. பின்பக்க இடது கதவைப் பற்றிக் கேட்டபோது, மெக்கானிக் "அதை அப்புறம் பேசலாம் சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டயர்காரர் கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டார்.

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முறைப்படி இந்த வரிகள்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் முக்கியமானதை முதல் பத்தியில் வைத்தே வயதாகிவிட்ட கை இது. தவிர, காரை இரவல் கொடுத்தவருக்கு நலம் விசாரிப்பு கொஞ்சம் காத்திருக்கலாம் என்பது என் கணிப்பு. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தொலைபேசியில் "கதவு" என்ற சொல்லைத் தாண்டி நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள். இது முழுவதும் படித்தால்தான் விளங்கக்கூடிய செய்தி.

இதன் தொடக்கம் உங்கள் தங்கை. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பேப்பரை மடித்து வையுங்கள், ஃபேனை அணையுங்கள் என்பவற்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் ஒரு நாள் காலை, காய் நறுக்கிக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஏரிப் பூங்காவ மூடப் போறாங்களாம். கரையை ஒசத்தப் போறாங்களாம். மறுபடி தொறக்க ஒரு வருஷம் ஆகுமோ ரெண்டு வருஷம் ஆகுமோ. அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருமா போயிட்டு வரலாம். நீங்களும் வரணும். யாரும் யாரையும் கோவிச்சுக்காம, கடிகாரத்தப் பாக்காம, நான் எதையும் யோசிக்காம சும்மா உக்காந்துட்டு வரணும். அவ்வளவுதான்."

"மூடப் போறாங்கன்னு யார் சொன்னது?"

"சொன்னாங்க."

"யாரு?"

"அங்க இருக்கறவங்கதான்."

பெயர் வெளியிட விரும்பாத வட்டாரம் என்று எடுத்துக்கொண்டு, நானே பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். தகவல் சரிதான். இந்த மாதத்தின் கடைசி ஞாயிறு வரை மட்டுமே அனுமதி என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார். ஒரு செய்தி எனக்கு முன்னால் உங்கள் தங்கைக்குக் கிடைத்தது எங்கள் குடும்ப வரலாற்றில் இதுவே முதல் முறை. அதைச் சொல்லிப் பாராட்டவும் செய்தேன். அவள் தொடர்ந்து காய் நறுக்கினாள்.

அன்று மாலையே ஏற்பாடுகளை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். அவள் கேட்டது பதற்றம் இல்லாத ஒரு நாள். பதற்றம் என்பது எதிர்பாராதது நடப்பதால் வருவது. எல்லாவற்றையும் எதிர்பார்த்துவிட்டால் பதற்றத்துக்கு இடமில்லை. இந்த அடிப்படையில் தினமும் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு கூட்டம் நடத்தினேன், அலுவலகத்தில் மாலைக் கூட்டம் நடத்தியதைப் போலவே. மாடியில் குடியிருக்கும் மகளும் மாப்பிள்ளையும் இறங்கி வந்து கலந்துகொண்டார்கள். மகள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள், மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனாலும் இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் குறிப்பிடுகிறேன். மழை வந்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன, இரண்டும் இல்லாவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தோம். நான்காவது கூட்டத்தில் மகள் சொன்னாள்.

"அப்பா, ஏரி இங்கேருந்து முக்கால் மணி நேரம். நாம என்ன நிலாவுக்கா போறோம்?"

"நிலாவுக்குப் போனவன் ஒத்திகை பாத்துட்டுத்தான் போனான்" என்றேன். அது வரை ஒத்திகை என்ற எண்ணமே எனக்கு இல்லை. வாய் சொன்ன பிறகுதான் அது நல்ல யோசனை என்று எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளையும் ஆமோதித்தார்.

"நாங்களும் அப்படித்தான் மாமா. ஆள ஏத்தறதுக்கு முன்னாடி லிஃப்ட்ட மேலயும் கீழயும் ஒரு தடவ சும்மா ஓட்டிப் பாத்துருவோம்."

"லிஃப்ட்டுல போய் யாரும் பொழுதுபோக்க மாட்டாங்க" என்றாள் அவர் மனைவி.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். தீர்மானம் நிறைவேறியது.

கார் கேட்டு உங்களுக்குத் தொலைபேசி செய்தது இந்தக் கட்டத்தில்தான். "எதுக்குக் கார்? பஸ்ஸுலயே போலாமே, பூங்கா வாசல்லயே நிக்குமே" என்று நீங்கள் சொன்னீர்கள். கார் கொடுக்க மனமில்லாத ஒருவரின் நாசூக்கு என்று அப்போது எடுத்துக்கொண்டேன். ஆனாலும் மறுவார்த்தை பேசாமல் கொடுத்தீர்கள். மாப்பிள்ளை வந்து எடுத்துக்கொண்டு வந்தார். நன்றி.

ஒத்திகை போன ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு நடந்தது. நான் மட்டும் மாப்பிள்ளையுடன் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் முதலில் திட்டம். முழு எடையோடு ஓட்டினால்தான் வண்டியின் நிலை தெரியும் என்று மாப்பிள்ளை தொழில்முறையில் சொன்னதால் எல்லோரும் ஏறினோம். ஒத்திகை மிகச் சிறப்பாக அமைந்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். சாலையில் கூட்டம் இல்லை. வெயில் இல்லை. மழையும் இல்லை. பின்னால் நான் சொல்லப்போகும் மேம்பால வேலைகூட அன்றைக்குத் தொடங்கியிருக்கவில்லை. பூங்கா வாசலுக்கு நேர் எதிரே, மர நிழலில், ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஏரி நிறைந்திருந்தது. படகு கரையில் கட்டியிருந்தது. வாசல் காவலாளி எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கார் அருகே வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. என்ன இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல வந்திருக்கீங்க? அட, வீட்டோட வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றாள் உங்கள் தங்கை.

படகுக்காரர் அங்கிருந்தே கையை உயர்த்தினார். டீக்கடைப் பெண்மணி ஒரு கிளாசைத் தூக்கிக் காட்டி, போடட்டுமா என்பது போல் தலையசைத்தார். ஒரு பொது இடத்தில் பணியாளர்கள் முன்பின் தெரியாத பார்வையாளர்களை இவ்வளவு அன்பாக வரவேற்பது எனக்கு வியப்பாக இருந்தது. இதைப் பற்றி என் பழைய பத்திரிகையின் ஆசிரியருக்குக் கடிதம் ஒன்று எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

உங்கள் தங்கை கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"எங்க போற?" என்றேன்.

"எறங்க வேண்டாமா?"

"இது ஒத்திகை. இன்னைக்கே எறங்கிப் பாத்துட்டா அடுத்த வாரத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"அப்பா, வந்துட்டோம்ப்பா" என்றாள் மகள். "அதோ இருக்கு ஏரி. இதோ இருக்கோம் நாம."

"மாமா சொல்றதும் ஒரு வகையில..." என்று மாப்பிள்ளை தொடங்கினார்.

"எந்த வகையில?"

அவர் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்யத் தொடங்கினார். உங்கள் தங்கை வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தினாள் என்பது மகளின் கூற்று. எப்போதும் போலத்தான் சாத்தினேன் என்பது உங்கள் தங்கையின் கூற்று. நான் முன் இருக்கையில் இருந்ததால் சத்தத்தை மட்டுமே கேட்டேன். காவலாளி குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, திரும்பறீங்க?"

"ஒத்திகைங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா" என்றார்.

ஏரி மறையும் வரை உங்கள் தங்கை பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கண்ணாடி அன்றும் இன்றும் கீறல் இல்லாமல் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஒத்திகையை ஆய்வு செய்தபோது ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. பேச்சு. போகும்போதும் வரும்போதும் பின் இருக்கையிலிருந்து "பெட்ரோல் இருக்கா", "லாரி வருது", "இந்தத் திருப்பமா அடுத்த திருப்பமா" என்று கெட்ட செய்திகளாகவே வந்துகொண்டிருந்தன. கெட்ட செய்தியிலேயே சம்பளம் வாங்கியவன் நான். ஒன்று காதில் விழுந்தால் அடுத்ததைத் தேடிக் காது நிமிர்ந்துவிடும். ஆகவே பயண நாளில் கெட்ட செய்திக்கு விடுமுறை என்று அறிவித்தேன். வண்டியில் நல்ல செய்தி மட்டும் சொல்லலாம். மற்றது எதுவாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

"யாருக்காவது மயக்கம் வந்தா?" என்றாள் மகள்.

"வீட்டுக்கு வந்தப்புறம்."

உங்கள் தங்கை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரி, யாரும் ஒண்ணும் சொல்லல" என்றாள். "எறங்க மட்டும் விடுவீங்கல்ல?"

இறங்கலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

பயண நாள், அதாவது நேற்று முன்தினம் ஞாயிறு. வானிலை நன்றாக இருந்தது. ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் எல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தன. நான் வீட்டைப் பூட்டும்போது பையை மதில் மேல் வைத்தேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்துப் பார்த்தேன், காரில் ஏறினேன். பை மதில் மேலேயே இருந்தது. இதை உங்கள் தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கார் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். ஆனால் அது நல்ல செய்தி இல்லை என்பதால் சொல்லவில்லை. மாப்பிள்ளை ஓட்டினார். தெருவைத் தாண்டியதுமே பின்பக்க இடது கதவில் டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்திருக்கிறது. மூடிய கதவு எது, மூடியதைப் போல் இருக்கும் கதவு எது என்று சத்தத்திலேயே சொல்லிவிடக்கூடியவர் அவர், அவருடைய பிழைப்பே அதுதான். ஒத்திகையன்று விழுந்த அடியில் கதவின் பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அவரும் கட்டுப்பாட்டை மீறாமல் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். பாட்டு பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

இவ்வளவு இனிமையான உரையாடல் எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை, மச்சான். அதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"வானம் நல்லா இருக்கு" என்றாள் உங்கள் தங்கை.

"காத்து நல்லா வருது, மாமா" என்றார் மாப்பிள்ளை.

அவர் சொன்னது உண்மை. கதவு இடுக்கு வழியாக வந்தது.

"அந்த போர்டுல எழுத்து நல்லா பெருசா, அழகா இருக்குப்பா" என்றாள் மகள்.

நான் பேப்பர் படிக்கும் கண்ணாடியைப் போட்டிருந்ததால் எனக்குத் தூரத்தில் ஒரு மஞ்சள் பலகை தெரிந்ததே தவிர எழுத்து தெரியவில்லை. எனக்கு இரண்டு கண்ணாடி வேண்டும் என்று பரிசோதித்துச் சொன்னவளும் அவள்தான். "பொதுப்பணியில இப்பல்லாம் எழுத்து நல்லா எழுதறாங்க" என்று நானும் என் பங்குக்கு ஒரு நல்ல செய்தி சொன்னேன். பலகையில் இருந்த வாசகம் வருமாறு: மேம்பால வேலை நடைபெறுகிறது, சாலை மூடப்பட்டுள்ளது, மாற்றுப் பாதையில் செல்லவும். அதற்குப் பிறகும் அதே வாசகத்தோடு இன்னொரு பலகை வந்ததாகவும், அதன் எழுத்து இன்னும் நன்றாக இருந்ததாகவும் மகள் பின்னர் தெரிவித்தாள்.

சாலை ஒரு மண்மேட்டில் போய் முடிந்தது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கொடியும் கையுமாக வந்தார்.

"போர்டு பாக்கலையா?"

"பாத்தோம்" என்றாள் மகள். "நல்லா இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். நான்கு பேரும் புன்னகையோடு இருந்தோம். அவர் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டார். "ரிவர்ஸ் எடுத்துத் திருப்புங்க. அந்தப் பக்கம் தார் ட்ரம் இருக்கு, பாத்து" என்றார்.

மாப்பிள்ளை பார்த்துத்தான் எடுத்தார், அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடம் சரிவு. கார் சாய்ந்ததும் கதவு தானாகத் திறந்து, ட்ரம்மில் மோதி, எந்தப் பக்கம் மடங்கக்கூடாதோ அந்தப் பக்கமாக மடங்கியது. சத்தம் கேட்டது. நான் திரும்பாமலேயே கேட்டேன்.

"என்ன சத்தம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல அனுமதி இல்லை என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை. கொஞ்சம் கழித்து உங்கள் தங்கையின் குரல் வந்தது. அவள்தான் அந்தக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சீட் பெல்ட் போட்டிருந்தாள், அவளுக்கு ஒரு கீறலும் இல்லை.

"இங்க வெளிச்சம் நல்லா வருது" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் வயல்வெளி இருந்தது.

இறங்கி ஆராய்ந்தோம். கதவு கழன்றுவிடவில்லை என்பதை நீங்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டும். மூட முடியவில்லை, அவ்வளவுதான். மகளின் துப்பட்டாவால் கட்டிப் பார்த்தோம், போதவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் ஒரு கயிறு கொண்டு வந்து கொடுத்தார்.

"எங்க போறீங்க?"

"ஏரிக்கு" என்றேன்.

"இந்தக் கதவோடவா?"

"கதவு வரல. நாங்க மட்டும்தான்" என்றாள் உங்கள் தங்கை.

"ஏரிக்குன்னா அந்தப் பழைய ரோட்டுல பஸ் வரும். இப்படி எறங்கி அப்படி நடந்தா நிறுத்தம். இப்ப வர்ற நேரம்தான்."

உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்று காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு இருந்தது. "அப்படிப் பண்ணலாமா? கார மாப்பிள்ள மெதுவா வீட்டுக்குக் கொண்டு போகட்டும். நாம மூணு பேரும் பஸ்ஸுல போயிரலாம். அவரு காரை விட்டுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துருவாரு."

மச்சான், எல்லாக் கோணத்திலும் யோசித்துத்தான் முடிவெடுத்தேன். பஸ்ஸை நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. எத்தனை மணிக்கு வரும், உட்கார இடம் கிடைக்குமா, எங்கே நிறுத்துவான், எதுவும் உறுதிப்படுத்தப்படவில்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் வாய்மொழி. பதற்றமே கூடாது என்று அவளே கேட்ட ஒரு நாளில், உறுதிப்படுத்தாத ஒரு பஸ்ஸில் அவளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதை விளக்கமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பழைய சாலையில் அந்த பஸ் வந்து நின்று போனது. உள்ளே பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்ததை நான்கு பேரும் பார்த்தோம்.

"நல்லா இருக்கு பஸ்" என்றாள் உங்கள் தங்கை.

திரும்பினோம். வழி முழுவதும் மாப்பிள்ளை மெதுவாக ஓட்ட, மகளும் உங்கள் தங்கையும் கயிற்றை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் கதவு கதவு என்று கையைக் காட்டினார்கள். நாங்களும் கையைக் காட்டினோம். வீட்டு மதிலில் பை இல்லை. பை தெருவில் இருந்தது, எதிர்வீட்டு நாய் அதற்குள் இருந்தது. முட்டையையும் ரொட்டியையும் அது முடித்துவிட்டது. வாழைப்பழத்தைத் தொடவில்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு மதியமே கூட்டத்தைக் கூட்டினேன். கெட்ட செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. மாப்பிள்ளை சத்தத்தைச் சொன்னார், மகள் பலகைகளைச் சொன்னாள், உங்கள் தங்கை பையைச் சொன்னாள்.

"பை மதில் மேல இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க."

"கதவு ஆடுதுன்னு தெரிஞ்சும்..."

"காத்து வருதுன்னு சொன்னேனே மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் ஒரு மனவருத்தம் இருந்தது.

பயணம் முழுவதும் யாரும் யாரையும் கோவித்துக்கொள்ளவில்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை என்பதை நான்கு பேரும் ஒப்புக்கொண்டோம். அந்த அளவில் என் ஏற்பாடு வெற்றி. வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா என்று உங்கள் தங்கையிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்ல. இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அதற்குப் பிறகு இந்த இரண்டு நாளும் அவள் எப்போதும் போல்தான் இருக்கிறாள். டீ தருகிறாள், பேசுகிறாள். கோபமில்லை. கோபமாக இருந்தால் காரணம் கேட்டுப் பேசி முடித்துவிடலாம். இது அப்படி இல்லை. ஏரி என்ற சொல் மட்டும் வீட்டில் கேட்பதில்லை. என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன், இந்த வீட்டில் இப்போது எந்தக் கேள்வியைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியும் அந்த ஒரு ஞாயிறை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே.

இப்போது நிலவரம் இது. இதே வகைக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய கதவு வெள்ளிக்கிழமை மாலை பட்டறைக்கு வந்து சேரும் என்று மெக்கானிக் சொல்கிறார். உங்கள் கார் வெள்ளை. வரப்போகும் கதவு பச்சை என்று டயர்காரர் சொல்கிறார், இது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. சனிக்கிழமை பொருத்திவிடுவார்கள். கடைசி ஞாயிறுக்கு அதே காரை ஒரு நாள் பயன்படுத்திக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். கெட்ட செய்திக்கான விடுமுறையை ரத்து செய்துவிட்டேன். ஒத்திகை இருக்காது. உங்கள் பதிலை வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்களுடைய முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எல்லோரும் குறைவில்லாமல் இருக்கட்டும். பெரியவர் நீங்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும், குறிப்பாக இடது பக்கத்தைப் பொறுத்தவரை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் தங்கை டீ கொண்டுவந்தாள். "அண்ணனுக்கா?" என்று கேட்டுக் கடிதத்தை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள். காவலாளி வரும் இடத்தில் சிரித்தாள். அதன் பிறகு நடந்த உரையாடல் காரணமாக மேலே உள்ளவற்றில் சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன.

"அந்த வாட்ச்மேன் எல்லார்கிட்டயும் அப்படிப் பேசமாட்டாரு" என்றாள். "ரொம்ப சிடுமூஞ்சி."

"பின்ன நம்மகிட்ட மட்டும் ஏன்?"

"என்னைய அவருக்குத் தெரியும். புதன்கிழமை போவேன்ல."

"எந்தப் புதன்கிழமை?"

"எல்லாப் புதன்கிழமையும்தான். நம்ம பொண்ணு ஸ்கூல் போக ஆரம்பிச்சதுலேர்ந்து. நீங்க கெளம்பினதும் பஸ்ஸப் புடிச்சுப் போயி, படகுத்துறை பக்கத்துல ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்துட்டு, ஒரு டீ குடிச்சிட்டு, மத்தியானம் வந்துருவேன்."

"நான் ரிட்டையர் ஆனப்புறமும்?"

"புதன்கிழமை நீங்க லைப்ரரி போயிடறீங்களே."

இத்தனை வருடம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதுல என்ன செய்தி இருக்கு?" என்றாள்.

ஒவ்வொரு வாரமும் போகிறவளுக்கு இந்த ஞாயிறு எதற்கு என்று கேட்டேன். டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றாள். நான் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னாள்.

"கரை வேலை ஆரம்பிச்சா அந்தப் பெஞ்ச எடுத்துருவாங்களாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவ நீங்களும் அதுல உக்காரணும்னு தோணுச்சு. ஒத்திகை அன்னைக்குக் கார்லேருந்தே தெரிஞ்சுது. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

பார்க்கவில்லை. ஆகவே திருத்தங்கள்: ஒரு செய்தி எனக்கு முன்னால் அவளுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை என்று எழுதியது தவறு. பூங்காப் பணியாளர்களின் பொதுவான பண்பு பற்றி எழுதியது தவறு. அவள் உங்களை ஒரு முறை அங்கே கூட்டிப் போயிருக்கிறாள் என்று தெரியவருவதால், பஸ்ஸுலயே போலாமே என்று நீங்கள் சொன்னதற்கு நான் கற்பித்த காரணமும் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன். காருக்கு அவசரமில்லை. கதவு நிதானமாக வரட்டும், பச்சையாகவே வரட்டும்.

நாளை புதன்கிழமை. "வர்றீங்களா? லைப்ரரி எங்கயும் ஓடிடாது" என்றாள். வருகிறேன் என்றேன். எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டேன். "வர்றப்ப வரும்" என்றாள். இதற்கு இரண்டாவது ஆதாரம் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.